வெறும் சீட்டு

மழைக்காலம் வந்தால் மற்றத் தையல்கடைகள் ஈ ஓட்டும். நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் இருக்கிற தையலக்காவின் கடையில் மட்டும் கூட்டம் குறையாது. வக்கீல்கள் கருப்பு அங்கியைச் சேற்றில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள், கார்க் கதவில் மாட்டிக் கிழிப்பார்கள், விளிம்பு பிரிந்து வால் மாதிரித் தொங்க வந்து நிற்பார்கள். "அக்கா, இப்பக் கூப்பிட்டுருவாங்க, ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க" என்பார்கள். ஒருவனை உள்ளே தள்ளவும் இன்னொருவனை வெளியே இழுக்கவும் அத்தனை அவசரம். ஈரத்துணியில் ஊசி சிக்கும், நூல் அறும், கருப்பில் கருப்பு நூல் கண்ணுக்குப் பிடிபடாது. தையலக்கா முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுப்பாள்.

அன்றைக்கு வந்தவள் வக்கீலம்மா. சின்ன வயது, பெரிய குரல், குடை என்று ஒன்று இருப்பதே தெரியாத பெண். அங்கியைக் கழற்றிப் பலகையில் போட்டுவிட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா முகம் தொங்கிப்போயிருக்கு? நேத்து ஜெயிலுக்கு மாஸ்டரைப் பாக்கப் போனீங்கல்ல?"

"போனேன், வந்தேன்."

"இந்தத் தடவையும் வரலையா?"

"வரமாட்டாராம். பாக்க விருப்பமில்லைன்னு கைநாட்டு வச்சுக் குடுத்துட்டாராம். கேட்டுக் காவலர் சொல்றார், 'சும்மா ஏம்மா அலையுற, வீட்டுல கிடக்குற வேலையைப் பாரு'ன்னு. போற பஸ்ஸெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது."

மாஸ்டர் அவள் புருஷன். ஒரு காலத்தில் துணி வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு கண் மங்கத் தொடங்கி, மெல்ல மெல்ல வெளிச்சம் இருட்டு இரண்டு மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து நின்றது. அப்போதும் கத்தரிக்கோலை விடவில்லை. கையால் தடவியே வெட்டுவார். அவருக்காகத் தையலக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். மெஷினில் நூல் கோக்காமல் பேட்டர்ன் அட்டையின் மேல் ஊசியை ஓட்டுவாள். அட்டையின் பின்பக்கம் புள்ளி புள்ளியாக மேடு தட்டும். எழுத்தை இடவலமாகத் திருப்பி ஓட்டினால் பின்பக்கம் நேராக விழும். 'முன்பக்கம்', 'கை', 'கழுத்து' என்று அவர் விரலாலேயே படித்துவிடுவார். தையலக்கா அண்ணி என்று கூப்பிடுகிற மாஸ்டரின் அக்காதான் அதற்கு நக்கல் அடிப்பாள். கூடவே இருந்து கடைக்குப் பொத்தான் தைத்தவள், தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். "உலகத்துல அவனவன் பொண்டாட்டியைத் தடவுவான், என் தம்பி அட்டையைத் தடவுறான்" என்று அவள் சொன்னால் கடையே சிரிக்கும்.

அந்தக் கடை வேறு தெருவில் இருந்தது. கட்டடக்காரன் காலி பண்ணச் சொல்லி ஆட்களோடு வந்து சாமான்களைத் தெருவில் வைத்த அன்று, மாஸ்டர் கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வீசினார். கிடைத்தது இஸ்திரிப் பெட்டி. கண் தெரிந்தவன் வீசியிருந்தால் குறி தப்பியிருக்கும். இவர் வீசியது நேராக ஒருவன் மண்டையில் போய் விழுந்தது. அவன் பிழைத்துக்கொண்டான், பேச்சுதான் குழறிப்போனது. தண்டனை நியாயம் என்று தையலக்காவே சொல்வாள். சும்மா மூட்டை தூக்க வந்த கூலிக்காரன் அவன், அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். தையலக்கா வழக்குக்கு நடையாய் நடந்து, கடைசியில் இந்தத் தெருவிலேயே மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே போன பிறகும் கடிதம் அதே முறையில்தான். அட்டையில் குத்தி அனுப்புவாள். கேட்டுக் காவலர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "என்னம்மா, சல்லடை அனுப்புற" என்று கேலி பண்ணுவாரே தவிர உள்ளே கொடுத்துவிடுவார். சந்திப்பு நாளில் மாஸ்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "நாலாவது வரியில ஊசி மழுங்கியிருந்துச்சு, மாத்து" என்பார். சண்டையும் உண்டு. கடைசியாகப் பார்த்த அன்று இவள்தான் வாயை விட்டாள். "உங்க கோபத்துக்கு நான் எத்தனை காலம் வாசல்ல நிக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவர் சந்திப்புக்கு வரவே இல்லை.

"அந்த ஒரு பேச்சுக்கா இவ்வளவு கோபம்?" என்றாள் வக்கீலம்மா.

"நான் அதுக்கு அழலைம்மா. அண்ணி போயிட்டாங்கன்னு எழுதினேன். உள்ள இருக்கிறவங்க மனுக் குடுத்தாத்தான் ஒருநாள் விடுவாங்களாமே, குடுப்பாருன்னு பாத்தேன். குடுக்கலை. தலைமாட்டுல உக்காந்து வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். தூக்கி வளர்த்தவ செத்ததுக்கு ஒரு வார்த்தை இல்லை. மனுஷனா, கல்லா? சரி போ, நமக்கு இவ்வளவுதான்னு ஒருபக்கம் தோணுது. ஒருபக்கம், என்ன ஆச்சோ இந்த ஆளுக்குன்னும் தோணுது."

வக்கீலம்மா மெஷின் பக்கத்தில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். அடுத்ததாக அனுப்பத் தையலக்கா பாதி குத்தி வைத்திருந்தது.

"இப்படியேவா அனுப்புறீங்க? புது உத்தரவு வந்ததுக்கு அப்புறமுமா?"

"கேட்டுல ஒட்டியிருக்கே, அதுவா? ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்போம்னு? எடுத்துட்டுப் போகட்டும். எழுத்து எழுத்துதானே."

"அக்கா, அசலைக் கிழிச்சுப் போட்டுடறாங்க. ஜெராக்ஸ் மட்டும்தான் உள்ள போகுது. அதை எதிர்த்து நாங்க கேஸ் போட்டிருக்கோம். ஒரு சின்னப் பொண்ணு அப்பாவுக்குச் சிவப்பு வீடு வரைஞ்சு அனுப்புது, கருப்புச் சதுரமாப் போய்ச் சேருது..." பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அட்டையைத் திருப்பி, ஒரு விரலை அதன் மேல் வைத்தாள். "எழுந்திரிங்க. எதிர்க்கடைக்குப் போலாம்."

எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர். விரலெல்லாம் எப்போதும் மை என்பதால் கரிக்கை என்று பெயர். மூடியைத் திறந்து அட்டையை வைத்தார், பச்சை வெளிச்சம் ஓடியது, தாள் வெளியே வந்தது. வெள்ளைத் தாள்.

"என்னக்கா, ஒண்ணுமில்லாததை வைக்கிறீங்க?" என்றார் கரிக்கை. "இருங்க, மையைக் கூட்டுறேன்."

கூட்டினார். தாள் கொஞ்சம் சாம்பல் பூத்து வந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளி, ஈ எச்சம் மாதிரி. தையலக்கா அதைக் கையில் வாங்கித் தடவினாள். வழவழவென்று இருந்தது. தடவிக்கொண்டே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மழை அவள் காலில் விழுந்துகொண்டிருந்தது.

"ஐயோ, வெறும் சீட்டும்மா! நான் அவருக்கு வெறும் சீட்டு குத்தியிருக்கேன்!"

வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை. தையலக்கா சொன்னாள். கடைக்கு வருகிற ஒவ்வொரு துணியிலும் அளவு எழுதிய சீட்டைக் குத்தி வைப்பார்கள். துணி இற்றுப்போயிருந்தாலோ, அளவுக்குப் போதாவிட்டாலோ, 'தைக்க முடியாது' என்று வாய்விட்டுச் சொல்வது மாஸ்டருக்குப் பிடிக்காது. ஆசையோடு கொண்டு வந்தவன் முகம் சுருங்குவானே என்பார். எழுதாத சீட்டைக் குத்தித் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கைக்காரன் புரிந்துகொண்டு போய்விடுவான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கேட்கக் கூடாது என்பது கடைப் பழக்கம்.

"வாசல்ல நிக்கமாட்டேன்னு நான் சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் வெறும் தாளாப் போகுது. அவர் என்ன நினைப்பார்? நான் துணியைத் திருப்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டார். ஏன்னு கேக்கவும் மாட்டார், அந்த மனுஷன் எழுதின சட்டம் அது." சட்டென்று அவள் குரல் இறங்கியது. "அப்ப அண்ணி போனது அவருக்குத் தெரியாதும்மா. இன்னும் தெரியாது. உள்ள உக்காந்துக்கிட்டு அவங்க நல்லா இருக்காங்கன்னு நினைச்சுட்டிருக்கார். நான் கல்லுன்னு சொன்னேனே, பாவி, என் வாயில..."

அவள் அழுதது கரிக்கைக்குப் பொறுக்கவில்லை. மூடியைப் படக்கென்று சாத்திவிட்டு, "என் மெஷின் எதையும் மறைக்காதுக்கா, இருபது வருஷம் ஓட்டியிருக்கேன்" என்று என்னவோ தன் மேல் குற்றம் மாதிரிச் சொன்னார்.

வக்கீலம்மா முதலில் குறுக்குவழி சொன்னாள். மையில் எழுதிக் கொடுத்தால், சிறையில் உடன் இருக்கிறவர் யாராவது படித்துக் காட்டுவார். அவருடைய அக்கா இறந்ததை ஒரு சிறைக் கொட்டடி நிறைய ஆம்பிளைகள் நடுவில் யாரோ ஒருவன் வாசிப்பதா என்று தையலக்கா ஒப்பவில்லை. 'ஒரு தடவை வந்து பாருங்க' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். மறுவாரம் கேட்டுக் காவலர் பதில் கொண்டு வந்தார்.

"படிச்சுக் காட்டினாங்கம்மா. நம்ப மாட்டேங்கிறார். 'என் வீட்டுக்காரி எழுத்து எனக்குத் தெரியும், அது மையில வராது. பாவம்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க'ன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டார்."

"நீங்களாவது சொல்லக்கூடாதா, நான்தான் எழுதினேன்னு?"

"சொன்னேனே. 'நீங்க நல்லவரு சார்'னுட்டார். அதுக்கு மேல நான் என்ன பண்ண?"

ஆக, வழக்கில் தையலக்காவும் சேர்ந்தாள். விசாரணை நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். சுவரெல்லாம் ஓதம், மின்விசிறி சுற்றச் சுற்ற ஈர அங்கி வாடை. சிறைக்காக வாதாட எழுந்தவரைப் பார்த்ததும் அவளுக்கு வாய் துறுதுறுத்தது. பக்கத்தில் இருந்த கரிக்கையின் காதில், "அந்த விளிம்பு போன வாரம் நான் தச்சது. என் தையலைப் போட்டுக்கிட்டு எனக்கே எதிரா நிக்கிறார் பாருங்க" என்றாள். கரிக்கை இருமி மறைத்தார்.

ஆனால் அவர் பேசப் பேச அவளால் வேடிக்கை பண்ண முடியவில்லை. கடிதத் தாளைப் போதை மருந்தில் நனைத்துக் காயவைத்து அனுப்புகிறார்களாம். அப்படி வந்த ஒரு தாளைக் கிள்ளி மென்ற பையன் ஒருவன் விடிவதற்குள் செத்துப்போனானாம். "அசலை உள்ளே விடுங்கள் என்கிறார்கள். அடுத்த பையன் சாகும்போது அவன் தாயாருக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். அதுவும் நிஜம்தானே என்று தையலக்காவுக்குத் தோன்றியது. முகம் தெரியாத அந்தத் தாயை நினைத்துக்கொண்டாள்.

வக்கீலம்மா அன்று பெரிய குரலில் பேசவில்லை. அந்தப் பெண் வரைந்த வீட்டைக் காட்டினாள், கருப்புச் சதுரத்தையும் காட்டினாள். கடைசியாகத் தையலக்காவின் அட்டையையும் வெள்ளைத் தாளையும் நீதிபதியிடம் கொடுத்தாள். "இது மனைவி எழுதியது. இது கணவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நகல் என்ற பெயரில் இவருக்குக் கிடைத்தது இதுதான்."

நீதிபதி இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "இந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

தையலக்கா எழுந்து நின்றாள். "அது வீட்டு விஷயங்கய்யா. அவருக்குச் சொல்லவேண்டியது. முதல்ல அவர் கேக்கணும், அப்புறம்தான் மத்தவங்க."

கூடம் கொஞ்சம் சலசலத்தது. நீதிபதி கோபித்துக்கொள்வார் என்று வக்கீலம்மா பயந்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

உத்தரவு முழு வெற்றி இல்லை. சிவப்பு வீட்டுப் பெண்ணின் வழக்கும் மற்றவர்களுடையதும் தள்ளிப் போயின. தையலக்காவுக்கு மட்டும் இடைக்கால அனுமதி. வெளி அட்டை கூடாது. சிறை கொடுக்கிற அட்டையில், சிறை வாசல் அறையில், காவலர் கண் முன்னால் கையாலேயே குத்த வேண்டும். அவர் பார்த்த பிறகு அசல் உள்ளே போகும். ஏற்கெனவே அனுப்பியவை என்ன ஆயின என்று வக்கீலம்மா கேட்டதற்கு, விதிப்படி அழித்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

வெளியே வராந்தாவில் அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா நின்றிருந்தாள். தையலக்காவுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. "உங்களுக்கும் வரும்" என்றாள். "வரட்டும்க்கா. ஒருத்தருக்காவது கிடைச்சுதே" என்று அந்த அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கேட்கத்தான் இன்னும் கூசியது.

வாசல் அறையில் ஒரு மேஜை, ஒரு கால் ஆடும் நாற்காலி. பேட்டர்ன் பிரதி எடுக்கிற பல் வைத்த சிறு சக்கரத்தைத் தையலக்கா கொண்டு வந்திருந்தாள். கேட்டுக் காவலர் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மெஷினில் காலை அழுத்தினால் ஓடுகிற எழுத்து, இங்கே ஒவ்வொரு வளைவுக்கும் தோளிலிருந்து பலம் கேட்டது. மேஜை ஆடியது. காவலர் மூச்சு பிடரியில் பட்டது. அண்ணி போன சேதியை இந்த நாற்காலியில் இந்த ஆளின் பார்வையில் குத்துவதா? சக்கரத்தை எடுத்தவள் இரண்டே வரி குத்திவிட்டு வைத்துவிட்டாள்.

காவலர் அட்டையைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டினார். "'இது வெறும் சீட்டு இல்லை. வாங்க.' இவ்வளவுதானா? இதுக்கா கோர்ட்டு வரைக்கும் போனே?"

"இதுக்குத்தான் போனேன்."

அவர் என்னவோ கேலி சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முத்திரையைக் குத்தித் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த சந்திப்பு நாளில் மாஸ்டர் வந்தார். கூட இருக்கிற ஒருவன் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார்த்தி, போன் குழாயைக் காதில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். மாஸ்டரின் சட்டைத் தோள் இறங்கிக் கிடந்தது. இந்த ஆளுக்கு அளவெடுத்தால் இனி ஒரு சாண் துணி மிச்சம் என்று தையலக்கா நினைத்தாள்.

"எழுத்து கோணலா இருக்கே" என்றார் அவர். "கையாலயா குத்தினே?"

"நாற்காலி ஆடுதுங்க."

"நாற்காலி மேல பழி போடு." முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "முதல் எழுத்தைத் தொட்டதும் உன் கைன்னு தெரிஞ்சுது. அப்ப மத்ததெல்லாம்?"

அவள் ஜெராக்ஸ் விஷயத்தை விளக்கினாள். கரிக்கை மையைக் கூட்டியதையும், அரசு வக்கீலின் விளிம்பையும் சொன்னாள். மாஸ்டர் கேட்கக் கேட்க நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேட்டேன், ஏதாவது இருக்கான்னு. 'வெறும் தாள்ணே'ன்னான். சரி, இற்றுப்போன துணி, எவ எத்தனை காலம் ஒட்டுப் போடுவா, திருப்பிட்டா, அவ மேல தப்பில்லைன்னு..."

"நான் எப்பவாவது உங்களுக்கு வெறும் சீட்டு குத்துவேனா? புத்தி எங்க போச்சு உங்களுக்கு?"

"உள்ள உக்காந்து பாரு, புத்தி எங்க போகுதுன்னு தெரியும்." அவர் குழாயைக் காது மாற்றினார். குரல் லேசாகியிருந்தது. "அக்கா எங்க? வாசல்ல உக்கார வச்சுட்டு வந்தியா? முட்டி வலியோட பஸ் ஏறாதேன்னு சொன்னா கேக்க மாட்டாளே."

தையலக்கா குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"ஏன் பேசாம இருக்கே?"

"அண்ணி இல்லைங்க" என்றாள். "போயிட்டாங்க."

பக்கத்துக் கண்ணாடியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் குழாயைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"எப்ப?"

"மழை தொடங்குறதுக்கு முன்னாடி."

"இவ்வளவு நாளா? எனக்கு நீ சொல்லலையா?"

"சொன்னேன். அன்னைக்கே குத்தி அனுப்பினேன்."

மாஸ்டர் சட்டைக்குள் கையை விட்டார். மடித்து மடித்து ஓரம் நைந்த தாள்கள் வெளியே வந்தன. துணியைத் திருப்பும்போது சீட்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவது கடை வழக்கம். வாடிக்கைக்காரன் வீட்டுக்கு எடுத்துப் போவது மாதிரி அவரும் ஒன்றைக்கூட எறியாமல் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார்.

"எதுல இருக்கு?"

எல்லாம் வெள்ளை. மேல் ஓரத்தில் சிறையின் தேதி முத்திரை மட்டும்.

"இது இல்லை" என்றாள் அவள். "இதுவும் இல்லை." அடுத்த தாளின் தேதியைப் பார்த்ததும் கண்ணாடியில் விரலை வைத்தாள். "அதுதாங்க."

அவர் அந்தத் தாளை மேஜையில் விரித்து, மடிப்பை நீவினார். தோளால் குழாயைக் காதோடு இடுக்கிக்கொண்டு, மேல் ஓரத்தில் விரலை வைத்தார்.

"சொல்லு. அன்னைக்கு என்ன குத்தினியோ அதையே சொல்லு. நான் தடவிக்கிட்டே வரேன்."

அவளுக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. சொன்னாள். "'என்னங்க. மனசைத் திடப்படுத்திக்குங்க. அண்ணி இன்னைக்கு விடியக்காலையில போயிட்டாங்க.'"

விரல் வெறும் தாளில் நகர்ந்தது. வரி முடிந்து அடுத்த வரிக்கு இறங்கியது.

"'தூக்கத்துலயே போயிட்டாங்க. வலி இல்லை. நேத்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து உங்க நீலச் சட்டைக்குப் பொத்தான் தச்சாங்க. நீங்க வர்றப்பப் போட்டுக்கணுமாம்.'"

"மெதுவாச் சொல்லு" என்றார் மாஸ்டர். "விரல் பின்னாடி நிக்குது."

"'தம்பி இளைச்சிருப்பான், இடுப்பைப் பிடிச்சு வைன்னு சொன்னாங்க.'" அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "'கடைசிப் பொத்தான் ஒண்ணு பாக்கி. நான் தைக்கலை. ஊசியோட அப்படியே வச்சிருக்கேன். மனுக் குடுத்துட்டு வாங்க.'"

விரல் தாளின் ஓரத்துக்கு வந்து நின்றது. அவர் மறுபடியும் ஒரு வரி மேலே போய், அந்த இடத்தையே திரும்பத் தடவினார்.

மணி அடித்தது. மாஸ்டர் அந்தத் தாளை மட்டும் தனியாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மற்றத் தாள்கள் மேஜையிலேயே கிடந்தன. கூட வந்தவன் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தான்.